எக்ஸ்5 30டி: 2022 கடைசியில வந்ததா, 2023 கடைசியில வந்ததா? திருவொற்றியூர் ஓட்டத்துக்கு எது?

தேரடி_வடக்கு எழுதியது:

வணக்கம். செகண்ட்ஹேண்ட்ல பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்30டி. மூணு வண்டி பார்த்து வெச்சிருக்கேன்.

அ) 2022 நவம்பர் பதிவு, ஸ்போர்ட்எக்ஸ் பிளஸ், 41,000 கி.மீ., டிஎன் நம்பர்.
ஆ) 2023 மார்ச் பதிவு, 33,000 கி.மீ., புதுச்சேரி நம்பர்.
இ) 2023 செப்டம்பர் பதிவு, எக்ஸ்லைன், 28,000 கி.மீ., டிஎன் நம்பர்.

அ-வுக்கும் இ-க்கும் 13 லட்சம் வித்தியாசம். ஆ நடுவுல இருக்கு, ஆனா விக்கிறவர் "2023 மாடல் சார்"னு சொல்லி இ-க்குப் பக்கத்துல விலை வைக்கிறார்.

ஓட்டம்: தேரடியிலிருந்து மணலி, எண்ணூர், மீஞ்சூர். வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நடை 8 முதல் 15 கி.மீ. மாசத்துக்கு ஒரு தடவை நெல்லூர். ராத்திரி வண்டி நிக்கிறது திறந்தவெளி, கடல் அரை கிலோமீட்டர்.

கேள்வி: அடுத்தடுத்த வருஷத்துக்குள்ள 13 லட்சம் கொடுக்கிற அளவுக்கு என்ன மாறியிருக்கு? மெக்கானிக்கலா எது தொல்லை கம்மி?

———

பழைய_போல்ட் பதில்:

சார், முதல்ல ஆ-வைப் பத்தி. ஃபேஸ்லிஃப்ட் எக்ஸ்5, அதாவது அதே வண்டிக்கு முகம் மாத்தின புது உருவம், இந்தியாவில அறிமுகமானது 2023 ஜூலை 14. மார்ச்ல பதிவான வண்டி எப்படியும் பழைய உருவம்தான். ஆர்சியில 2023-னு இருக்கலாம், தயாரிப்பு மாசம் 2022-ஆகவே இருக்கலாம். ஆர்சியில "தயாரிப்பு மாதம், வருடம்"னு தனியா ஒரு வரி வரும், அதைப் படிங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுத்தா அடியில தைச்சிருக்கிற துணி லேபிள்லயும் தேதி இருக்கும், டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும்: 3522-னா 2022-ஓட 35-ஆவது வாரம். மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். ஆக, ஆ-வை அ-வோட விலைக்குப் பக்கத்துல வெச்சுத்தான் பேசணும்.

பழசையும் புதுசையும் பத்தடி தூரத்துல நின்னே பிரிச்சுடலாம். புதுசுல ஹெட்லைட் ஒல்லி, உள்ள இருக்கிற பகல் விளக்கு அம்பு முனை மாதிரி. பின் விளக்குல எக்ஸ் வடிவம் எரியும். உள்ள எட்டிப் பார்த்தா டாஷ்போர்டு மேல ஒரே வளைஞ்ச கண்ணாடி: 12.3 இன்ச் மீட்டரும் 14.9 இன்ச் திரையும் ஒட்டின மாதிரி. பழசுல ரெண்டும் தனித்தனி 12.3. பழசுல கையில பிடிக்கிற கியர் லீவர், புதுசுல விரலால தள்ளுற சின்ன சுவிட்ச்.

இன்ஜின் ரெண்டுலயும் அதே மூணு லிட்டர் ஆறு சிலிண்டர் பி57 குடும்பம். இந்தியாவில பழைய 30டி 265 குதிரைத்திறன், 620 நியூட்டன் மீட்டர். புதுசு 286, 650. நூறு கி.மீ. வேகம் தொட 6.5 விநாடி, 6.1 விநாடி. மணலி எக்ஸ்பிரஸ் ரோட்ல ட்ரெய்லர் லாரிக்குப் பின்னால ஊர்ந்து போற வண்டிக்கு இந்த 0.4 விநாடியால ஒரு பிரயோஜனமும் இல்லை.

உருப்படியான மாற்றம் 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட். 12 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் தர்ற மோட்டார் எட்டு கியர் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு. சிக்னல்ல நின்னு கிளம்புறப்ப குலுக்கல் இல்லாம இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், அஞ்சு கி.மீ. வேகத்துல தவழுறப்ப இழுவை மென்மையா இருக்கும். தினசரி ஓட்டத்துல நீங்க உணரப்போறது இது ஒண்ணுதான். அதோட மறுபக்கமும் இருக்கு: பழசுல தனி ஸ்டார்ட்டர், தனி ஆல்டர்நேட்டர், ஒரு 12 வோல்ட் பேட்டரி. ஒண்ணு போனா அதை மட்டும் மாத்திடலாம். புதுசுல அந்த மோட்டார் போனா கியர்பாக்ஸைத் தொடுற வேலையா மாறிடும், கூடுதலா ஒரு 48 வோல்ட் பேட்டரியும் இருக்கு. வாரண்டி இல்லாம வெச்சிருக்க வேண்டிய பாகம் இல்லை அது.

அதனால இ-யை எடுக்கிறதுன்னா முதல் கேள்வி ரிப்பேர் இன்க்ளூசிவ் பேக்கேஜ் (வாரண்டியை நீட்டிக்கிற கம்பெனித் திட்டம்) ஓடுதா, எந்த மாசம் வரைக்கும்ங்கிறது. ஸ்டாண்டர்டு வாரண்டி ரெண்டு வருஷம்தான். பேக்கேஜ் இருந்தா 13 லட்சத்துல பாதிக்கு நியாயம் இருக்கு. இல்லைன்னா அ.

இன்னொண்ணு ஏசி. புதுசுல சூடு குளிர் கூட்டிக் குறைக்கிறது திரையில. முன் பின் கண்ணாடிப் புகையை எடுக்கிற பட்டன் மட்டும் மிச்சம் வெச்சிருக்காங்க. பழசுல கண்ணை எடுக்காம கை போய்த் தொடும். என் ஓட்டு பழைய பட்டனுக்கு.

———

உப்புக்காத்து பதில்:

போல்ட் சொன்னதுல எனக்கு மறுப்பு இல்லை. ஆனா நீங்க ரெண்டு பேரும் மாடல் வருஷத்தைப் பார்க்கிறீங்க, நான் 2023 டிசம்பர் 4-ஐப் பார்க்கிறேன். மிக்ஜாம் புயல் வந்த அன்னிக்கு இந்த மூணு வண்டியும் ரோட்ல இருந்திருக்கு. வடசென்னையில தண்ணி வடிய நாள் கணக்காச்சு. எண்ணூர்க் கழிமுகப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்துச்சு. எந்த வருஷ மாடல்ங்கிறதை விட அந்த வாரம் வண்டி எங்க நின்னுச்சுங்கிறதுதான் 13 லட்சக் கேள்வி.

காகிதத்துல இருந்து தொடங்குங்க. இன்ஷூரன்ஸ் பாலிசியில நோ க்ளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம்னு பாருங்க. க்ளெய்ம் இல்லாத படிக்கட்டு 20, 25, 35, 45, 50. அ வண்டி 2022 நவம்பர்ல இறங்கினது. ஒரே ஓனர், க்ளெய்மே இல்லைன்னா 2023 நவம்பர் புதுப்பிப்புல 20, 2024-ல 25, 2025-ல 35 இருக்கணும். மிக்ஜாம்ல க்ளெய்ம் போட்டிருந்தா 2024 நவம்பர்ல பூஜ்யத்துக்கு விழுந்து, 2025-ல 20-னு இருக்கும். இ வண்டிக்கு ஒழுங்கா இருந்தா 2024 செப்டம்பர்ல 20, 2025-ல 25. போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தா இந்தக் கணக்கு மறைச்சுடும், அதனால பழைய பாலிசிகளையும் வரிசையா கேளுங்க. விபத்து க்ளெய்மாலயும் விழுந்திருக்கலாம். கம்மியா இருந்தா ஏன்னு பில்லோட பதில் வரணும்.

வண்டியில பார்க்கிறது இந்த வரிசையில:

டிக்கி. தரைப்பலகையைத் தூக்குங்க. மெயின் பேட்டரி அங்கதான். எலக்ட்ரானிக் பெட்டிகள் சிலதும் பின்பக்கத்துல. பேட்டரி தாங்கியோட போல்ட்டுல வெள்ளைப் பூப்பு, பள்ளத்துல காஞ்ச சேறு, ஃபோம் அடியில ஈரவாடை எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரி மட்டும் புத்தம் புதுசா மின்னினா, எதுக்கு மாத்தினாங்கன்னு பில் கேளுங்க.

முன் சீட். சீட்டை முழுசா பின்னுக்குத் தள்ளி, மொபைல் டார்ச்சை தரையோட படுக்க வெச்சு அடிங்க. தண்டவாளம் மாதிரி இருக்கிற ரெயில், சீட்டை இறுக்கியிருக்கிற போல்ட் தலை, அடியில தொங்குற மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டர் மூணையும் பாருங்க. வண்டியைக் கழுவி, வாசனை அடிச்சு, லெதரை பாலிஷ் போட்டிருப்பாங்க. போல்ட் தலைக் குழிக்குள்ள இருக்கிற துருவை யாரும் துடைக்கிறதில்லை. போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தா சீட்டைக் கழட்டி கார்ப்பெட்டைக் காயப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

சீட் பெல்ட். கடைசி வரைக்கும் இழுங்க. வெள்ளைத் துணியை வெச்சு அழுத்தித் துடைங்க. அடிமட்ட ஒரு அடியில மண் நிறம் ஏறினா பேச்சை முடிச்சுக்கலாம். லேபிள் தேதி வண்டித் தேதிக்குப் பின்னால இருந்தாலும் அதே சந்தேகம்.

சன்ரூஃப். இதை வெள்ளக் கணக்குல யாரும் சேர்க்கிறதில்லை. கூரையைத் திறந்து, முன்மூலை ரெண்டுலயும் இருக்கிற வடிகால் ஓட்டையில 200 மி.லி. தண்ணியை மெதுவா ஊத்துங்க. அரை நிமிஷத்துக்குள்ள முன்சக்கரத்துக்குப் பின்னால தரையில சொட்டணும். சொட்டலைன்னா குழாய் அடைச்சிருக்கு. நம்ம பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் சிமெண்ட் தூசியும் சேர்ந்து, மழை பட்டதும் களி மாதிரி இறுகிடும். அப்புறம் தண்ணி தூண் வழியா இறங்கி கார்ப்பெட்டுக்கும், பின் வடிகால் அடைச்சா டிக்கிப் பக்கத்துக்கும் போகும். வெள்ளத்தையே பார்க்காத வண்டியும் இப்படி உள்ளேயே நனைஞ்சு சாகும். நைலான் மீன்பிடி நரம்பை விட்டு மெதுவா குத்தினா போதும், கம்ப்ரசர் காத்து அடிச்சா உள்ள இருக்கிற இணைப்பு கழண்டுக்கும்.

கடைசியா பிஎம்டபிள்யூவோட இஸ்டா மென்பொருள் வெச்சிருக்கிற கடையில முழு ஸ்கேன். சாதாரண ஓபிடி கருவி இன்ஜினோட நின்னுடும். இஸ்டாவில ஒவ்வொரு பெட்டியிலயும் பிழை பதிவான கி.மீ. வரும். ஒரே கி.மீ.ல சீட், கதவு, டிக்கி, ஆம்ப்ளிஃபயர்னு ஏழெட்டு பெட்டி சேர்ந்து தொடர்பு இழந்ததா பதிவு இருந்தா, தண்ணியோ பேட்டரி முழுசா இறங்கினதோ நடந்திருக்கு. மீட்டரைத் திருப்பியிருந்தாலும் அங்க மாட்டும். ஸ்கேனுக்கு முன்னாடி "நான் க்ளியர் பண்ணித் தரேன்"னு விக்கிறவர் சொன்னா விடாதீங்க.

உப்பு விஷயம் தனி. கடல் அரை கி.மீ.னு சொல்றீங்க. லிஃப்ட்ல ஏத்தி அலுமினியமும் இரும்பும் சேர்ற இடங்களைப் பாருங்க: சப்ஃபிரேம் போல்ட், பூமி ஒயர் முனை, எக்ஸாஸ்ட் கிளாம்ப். ஏசி கண்டன்சரோட கீழ்ப்பாதியில துடுப்பு பொடிஞ்சு உதிருதான்னு விரல் நுனியால தொட்டுப் பாருங்க. காத்து வழியைத் திறந்து மூடுற ஷட்டரும் முன்னால இருக்கு, உப்பும் தூசியும் சேர்ந்தா இறுகிடும். வாங்கினப்புறம் வாரம் ஒரு தடவை அடிப்பகுதிக்கு நல்ல தண்ணி, குறைஞ்ச அழுத்தத்துல. போர் தண்ணி வேண்டாம், திருவொற்றியூர்ல பல தெருவுல போர் தண்ணியே உப்பு.

ஏர் சஸ்பென்ஷன் எல்லா வேரியன்ட்லயும் இருக்கும்னு எடுத்துக்காதீங்க. எட்டிப் பார்த்தா பின்னால காயில் ஸ்பிரிங்கா கறுப்பு ரப்பர் பையான்னு தெரியும். பை இருந்தா, சாயந்திரம் நிறுத்தினதும் நாலு சக்கரத்துலயும் மையப் புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்து எழுதுங்க. காலையில ஸ்டார்ட் பண்ணாம, கதவைக்கூட திறக்காம மறுபடி அளங்க. ஒரு மூலை மட்டும் 10 மி.மீ.க்கு மேல இறங்கியிருந்தா அந்தப் பையிலயோ இணைப்பிலயோ கசிவு. அதைச் சரி பண்ணாம ஓட்டினா கம்ப்ரசர் ஓயாம ஓடி அதுவும் போகும். செலவு அங்கதான் இரட்டிப்பாகுது.

———

தேரடி_வடக்கு:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஆ-வை விட்டுடலாம்னு தோணுது. ரெண்டு சந்தேகம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்துல எவ்வளவு தண்ணி வரைக்கும் இறக்கலாம்? அப்புறம், 8 கி.மீ. ஓட்டத்துக்கு டிபிஎஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) அடைக்கும்னு ஒருத்தர் பயமுறுத்துறார். புதுசுல அந்தத் தொல்லை இல்லையா?

———

ரீஜென்_மீஞ்சூர் பதில்:

சுரங்கப்பாதைக்கு: கம்பெனி கணக்கு 50 செ.மீ. ஆழம், நடக்கிற வேகம், அதாவது மணிக்கு 5 கி.மீ. இது ரெண்டு வருஷ மாடலுக்கும் ஒண்ணுதான். 50 செ.மீ. எங்க வரும்னு நிறுத்தின வண்டி பம்பர்ல டேப் வெச்சுப் பார்த்து மனசுல வெச்சுக்கோங்க. எதிர்ல ஒரு பஸ் வந்தா அலை மட்டும் ஒரு ஜாண் கூட ஏறும், அதனால நடைமுறையில 30-க்கு மேல இருந்தா திரும்பிடுங்க. தண்ணிக்குள்ள நின்னு போச்சுன்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டர்ல தண்ணி ஏறி கனெக்டிங் ராடு வளையுறது பெரும்பாலும் அந்த ரெண்டாவது ஸ்டார்ட்லதான். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில அந்தச் சேதத்துக்குப் பணம் வராது.

டிபிஎஃப்: பயமுறுத்தினவர் தப்பா சொல்லலை, பாதிதான் சொல்லியிருக்கார். ரெண்டு மாடலும் பிஎஸ்6 புகை விதிக்கு வந்தது, ரெண்டுலயும் டிபிஎஃப் இருக்கு, புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற ஆட்ப்ளூவும் இருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 இரண்டாம் கட்டம், ரோட்ல ஓடுறப்பவே புகை அளவு வரம்புக்குள்ள இருக்கணும். இ அந்த விதிக்கு வந்த வண்டி. அதனால புதுசுல கண்காணிப்பு கூடியிருக்கும், தொல்லை குறைஞ்சிருக்காது. 48 வோல்ட் மோட்டார் டிபிஎஃப்பைச் சுத்தம் பண்ணாது.

அடைக்கிறது எப்படின்னா: ஃபில்டர்ல சேர்ற கரியை எரிக்க வண்டி தானா கூடுதல் டீசலைத் தெளிச்சு எக்ஸாஸ்ட்டை 600 டிகிரிப் பக்கம் சூடாக்கும். அதுக்கு இன்ஜின் முழுச் சூட்டுல, நிக்காம கொஞ்ச நேரம் ஓடணும். தேரடியிலிருந்து மணலி 8 கி.மீ. போறதுக்குள்ள எரிக்க ஆரம்பிச்சிருக்கும், நீங்க ஆஃப் பண்ணிடுவீங்க. அடுத்த நடை மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி ஆஃப். எரியாத டீசல் இன்ஜின் ஆயில்ல இறங்கும். ஆயில் மட்டம் குறையாம ஏறிக்கிட்டே போச்சுன்னா அதுதான் அறிகுறி. இந்த இன்ஜின்ல டிப்ஸ்டிக் கிடையாது, திரையில போய் ஆயில் அளவு பார்க்கிற மெனுவை மாசம் ஒரு தடவை ஓட்டுங்க.

உங்களுக்கு மருந்து வீட்டு வாசல்லயே இருக்கு. மீஞ்சூர் – வண்டலூர் வெளிவட்டச்சாலை. பத்து நாளைக்கு ஒரு தடவை மீஞ்சூர் வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வராம, வெளிவட்டத்துல ஏறி 25 நிமிஷம் நிதானமா 80-ல போயிட்டுத் திரும்புங்க. கியரை மேனுவல்ல குறைச்சு 2,000 சுழற்சிக்குக் கிட்ட வெச்சுக்கோங்க, எட்டாவது கியர்ல குறைஞ்ச சுழற்சியில போனா எக்ஸாஸ்ட் சூடு சரியா ஏறாது. வண்டியை நிறுத்துற நேரத்துல ஐட்லிங் வழக்கத்தை விட கொஞ்சம் உயரமா இருந்து, ஃபேன் ஓடி, அடியில சூட்டு வாடை வந்தா எரிப்பு நடந்துக்கிட்டிருக்கு. முடிஞ்சா இன்னும் பத்து நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்துங்க.

வாங்கும் முன்னாடி இஸ்டா ஸ்கேன்லயே "கடைசி ரீஜெனரேஷனுக்கு (கரி எரிப்புக்கு) அப்புறம் ஓடின தூரம்"ங்கிற மதிப்பையும், ஃபில்டர்ல இருக்கிற கரி, சாம்பல் அளவையும் எடுத்துக்கோங்க. கரி எரிஞ்சு போகும், சாம்பல் போகாது. 41,000 கி.மீ. வண்டியில சாம்பல் அளவு 28,000 வண்டியை விடக் கூடுதலா இருக்கிறது இயல்பு. 28,000 வண்டியில அது கூடுதலா இருந்தா மீட்டரையோ ஓட்டின விதத்தையோ சந்தேகப்படுங்க. 200 கி.மீ.க்கு ஒரு தடவை எரிச்சுக்கிட்டே இருக்கிற வண்டின்னா ஃபில்டர் இறுக ஆரம்பிச்சாச்சு, இல்லை இன்ஜெக்டர், ஈஜிஆர் (புகையில ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்புற வால்வு) பக்கம் கோளாறு.

ஆயிலை வண்டி சொல்ற கணக்குக்கு விடாம 10,000 கி.மீ.க்கோ வருஷத்துக்கோ மாத்துங்க. ஏறக்குறைய ஆறரை லிட்டர் பிடிக்கும், டப்பாவில பிஎம்டபிள்யூ எல்எல்-04 அல்லது எல்எல்-12 எஃப்இ அங்கீகாரம் இருக்கணும். சாதாரண டீசல் ஆயிலை ஊத்தினா அதுல இருக்கிற உலோகச் சேர்மம் எரிஞ்சு டிபிஎஃப்புல சாம்பலாத் தங்கும். பி57-ல டைமிங் செயின் இன்ஜினுக்குப் பின்னால, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. ஆயில்ல மிச்சம் பிடிச்சு அந்தப் பக்கம் கை வைக்க வேண்டி வந்தா கியர்பாக்ஸைக் கழட்டணும்.

ஆட்ப்ளூ: 32.5 சதவீத யூரியாக் கரைசல், ஐஎஸ்ஓ 22241 போட்ட சீல் கேன் மட்டும். மாதவரம் லாரி ஸ்டாண்டு பக்கம் லூஸ்ல பிடிச்சுத் தருவாங்க, வேண்டாம். பம்ப்பும் நாசிலும் உப்பு மாதிரி படிஞ்சு அடைக்கும். "இன்னும் இத்தனை கி.மீ.க்கு அப்புறம் ஸ்டார்ட் ஆகாது"ங்கிற எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தா நிறுத்தின வண்டி திரும்பக் கிளம்பாது. அது கோளாறு இல்லை, விதி.

டயரும் இந்தக் கதையில வரும். பல எக்ஸ்5-ல பின் டயர் முன்னை விட அகலம், உதாரணமா முன்னால 275/45 ஆர்20, பின்னால 305/40 ஆர்20. அதனால முன்பின் மாத்திப் போட முடியாது. பின்னது சீக்கிரம் தேயும். ரெண்டு அச்சுக்கும் இடையில தேய்மானம் 2 மி.மீ.க்கு மேல போனா முன்பின் சக்கரத்துக்கு இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் ஓயாம வழுக்கிக்கிட்டே இருக்கும். முழு ஸ்டியரிங் ஒடிச்சு மெதுவா எட்டுப் போடுங்க, தடுக்கித் தடுக்கிப் போனா அதுதான். ஆயில் மாத்தி, இஸ்டாவில மதிப்பை ரீசெட் பண்ணினா ஆரம்பநிலையில சரியாகும். விக்கிறதுக்குன்னு ரெண்டு புது டயரை மட்டும் போட்டு நிக்கிற வண்டி அழகா இருக்கும், உள்ள இந்த வேலை நடந்துக்கிட்டிருக்கும்.

என் முடிவு? உங்க ஓட்டத்துக்கு பெட்ரோல் 40ஐ-தான் பொருத்தம். டீசல்தான்னா அ.

———

பழைய_போல்ட்:

பெட்ரோலுக்கு நான் ஒத்துக்கலை. மாசம் ஒரு நெல்லூர், வாசல்ல வெளிவட்டச்சாலை இருக்கிறவருக்கு டீசல் தாராளமா ஓடும். தினமும் பாரிமுனைக்கு மட்டும் போறவர்னா நீங்க சொல்றது சரி.

விட்டுப்போன ஒண்ணு. 2024 செப்டம்பர்ல பிஎம்டபிள்யூ ஒருங்கிணைந்த பிரேக் யூனிட்டுக்காக உலக அளவில சுமார் 15 லட்சம் வண்டியைச் சரிபார்க்கணும்னு அறிவிச்சது, எக்ஸ்5-ம் அந்த வரிசையில இருக்கு. ரெண்டு வண்டியோட சேசிஸ் நம்பரையும் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டர்ல கொடுத்து நிலுவை ரீகால் இருக்கான்னு எழுத்துல வாங்குங்க. சாஃப்ட்வேர் வேலைகளும் அதே பட்டியல்ல வந்துடும்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாத்த வேண்டாம்னு சர்வீஸ்ல சொல்லுவாங்க. பெட்டியைத் தயாரிக்கிற இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள்ள மாத்தச் சொல்லுது. ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் பாகம், சேர்த்தே வாங்கணும். 41,000 வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு.

———

படிவம்29 பதில்:

விலைப் பேச்சுல ரெண்டு விஷயத்தை யாரும் தொடலை.

ஒண்ணு ஜிஎஸ்டி. இந்த அளவு டீசல் எஸ்யூவிக்கு முன்னாடி 28 சதவீதம், மேல செஸ் 22, ஆக 50. 2025 செப்டம்பர் 22-லிருந்து செஸ் போய் நேரா 40. இ-யை விக்கிறவர் 2023 இன்வாய்ஸைக் காட்டி "இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு குறைச்சுத் தரேன்"னு கணக்குப் போடுவார். அந்த இன்வாய்ஸ்ல இருக்கிற வரி இன்னிக்கு இல்லை. இன்னிக்கு ஷோரூம்ல புது எக்ஸ்5-க்கு என்ன விலையோ அதிலிருந்து கழிச்சுக்கிட்டு வாங்க. உங்க 13 லட்சம் வித்தியாசத்துல ஒரு பகுதி அங்கேயே கரையும்.

ரெண்டாவது ஆயுள் வரி. தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேலான காருக்கு 20 சதவீதம் ஆனது 2023 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி 15. அ, இ ரெண்டுமே பழைய விகிதத்துல கட்டினது. "இருபது சதவீதம் கட்டியிருக்கேன்"னு யாராவது சொன்னா ரசீதைக் கேளுங்க.

ஆ-வை விட்டது நல்லது. புதுச்சேரி வண்டியை இங்க 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி மறுபதிவு பண்ணணும். அங்க படிவம் 28-ல என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கிற சான்று), இங்க வண்டி வயசுக்கு ஏத்த ஆயுள் வரி. இந்தத் தொகையைக் கூட்டாம அதோட விலையை டிஎன் வண்டியோட ஒப்பிடவே கூடாது.

டிஎன் வண்டிக்கு படிவம் 29 ரெண்டு பிரதி, படிவம் 30, லோன் இருந்தா படிவம் 35-ம் வங்கிக் கடிதமும். லோன் முடிஞ்சாலும் ஆர்சியில அடமானக் குறிப்பு நீக்காம இருக்கும், பணம் கொடுக்கிறதுக்கு முந்தி பாருங்க. உங்க முகவரிக்கு எந்த ஆர்டிஓன்னு பரிவாஹன்ல பின்கோடு போட்டுப் பார்த்துக்கோங்க. தண்டையார்பேட்டை டிஎன்-03, செங்குன்றம் டிஎன்-18. எல்லையோரத் தெருக்கள்ல இதுல ஆள் மாறிப் போய் நிக்கிறது சகஜம்.

இன்ஷூரன்ஸ்: மூன்றாம் நபர் காப்பு வண்டியோட தானா வந்துடும், சொந்தச் சேதக் காப்பு வராது. வாங்கின 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும். நோ க்ளெய்ம் போனஸ் விக்கிறவரோட போயிடும், உங்களுக்கு வராது. ஐடிவி (பாலிசியில வண்டிக்குப் போடுற மதிப்பு) கணக்குல ரெண்டு முதல் மூணு வருஷம் வரைக்கும் 30 சதவீதக் கழிவு, மூணு முதல் நாலு வரைக்கும் 40. பத்து மாச வித்தியாசத்துல அ ஒரு படி கீழ இருக்கிற காலம் வரும். பிரீமியம் குறையும், வண்டி மொத்தமாப் போனா கைக்கு வர்ற தொகையும் குறையும். மழைக்கு முன்னாடி வாங்குறதா இருந்தா இன்ஜின் புரொடெக்டை விடாதீங்க.

———

தேரடி_வடக்கு:

அ-வுக்கு இஸ்டா ஸ்கேன் சனிக்கிழமைக்குச் சொல்லியாச்சு. பழைய பாலிசி ரெண்டும் கேட்டிருக்கேன். இ-க்கு ரிப்பேர் இன்க்ளூசிவ் இருக்கான்னு பதில் வரலை. கடைசியா ஒரே கேள்வி: வீட்டு கேட் 7 அடி. நுழையுமா?

———

உப்புக்காத்து:

கண்ணாடி இல்லாம 2,004 மி.மீ., அதாவது 6 அடி 7 அங்குலம். கண்ணாடி விரிச்சா 2,218, ஏழு அடி மூணு அங்குலம். மடக்கினா நுழையும், பக்கத்துக்கு ரெண்டரை அங்குலம்தான் மிஞ்சும். கேட்டோட கீல், தாழ்ப்பாள் கம்பி உள்ளே நீட்டிக்கிட்டிருக்கிற அளவைக் கழிச்சு அளங்க, தூணிலிருந்து தூணுக்கு அளக்காதீங்க. தெரு 12 அடிக்குள்ள இருந்தா நேரா நுழைக்கவும் வராது: திரும்பு வட்டம் 12.6 மீட்டர், ஒரே மூச்சுல ஒடியாது. சனிக்கிழமை ஸ்கேன் முடிஞ்சதும் டெஸ்ட் டிரைவுன்னு சொல்லி வண்டியை வாசலுக்கே கொண்டு வரச் சொல்லுங்க.